ஜாடிச் சரக்கும் மூட்டைச் சரக்கும்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. ஓய்வு பெற்றவர்களில் படியேறக்கூடிய நிலையில் இருக்கும் சிலரையும் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். சால்வை போர்த்தினார்கள், சுண்டல் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண், கொஞ்சம் கஞ்சாவைக் கரைத்து உள்ளே அனுப்பி, அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்று இயந்திரம் அச்சடித்துத் துப்பிய தாளை என் கையில் தந்தாள். "இது இல்லாம நீங்கள்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் குறும்பு இல்லை, இரக்கம்தான் இருந்தது. எனக்கு இரக்கம் பிடிக்காது. "சமாளிச்சோம்" என்று சொல்லிவிட்டுச் சுண்டலைத் தின்றேன்.

விருத்தாசலத்துக்குத் திரும்பி வரும் ரயிலில்தான் மனசு ஆறவில்லை. அந்தத் தாளில் எண் இருக்கிறது. அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அவளுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? எனக்குச் சொல்லித் தந்தது ஒரு வழக்கு. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் விருத்தாசலத்தில்தான். அறுபதுகளின் நடுவில் சென்னையில் அரசாங்க ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஊரிலேயே பீங்கான் தொழிற்சாலையில் வேலை. அதனால் வாரம் முழுக்க நான் சென்னையில் பெண்கள் விடுதியில் இருப்பேன், சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வருவேன். "பொம்பளைக்கு மெட்ராசுல என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் என் மாமியார் அசராமல், "கஞ்சா பாக்குறா" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டார்கள். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குப்பி கழுவினேன், எடை போட்டேன், திட்டு வாங்கினேன்.

திட்டியவர் எங்கள் தலைமைப் பரிசோதகர் ஞானசிகாமணி சார். திட்டு என்றால் சத்தம் இருக்காது. வேலை தப்பாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். ஆண்களை ஐயா என்பார், என்னை அம்மா என்பார். எந்தப் பொட்டலம் வந்தாலும் அதிலுள்ள பெயர்களின்மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். குற்றவாளி யார், போலீஸ் யார் என்று தெரிந்தால் கண் அதற்கேற்ற மாதிரி பார்க்கத் தொடங்கிவிடும் என்பது அவர் கட்சி. அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் நாங்கள் எழுதியதைப் படிக்காமல் முதலில் நுண்ணோக்கியில் பொருளைத் தானே ஒருமுறை பார்ப்பார். பிறகு எங்களையும் பார்க்கச் சொல்வார். ஏற்கெனவே பத்து தரம் பார்த்திருப்போம், இருந்தாலும் பார்க்க வேண்டும்.

கஞ்சாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தச் செடியின் பூவில் ஊறும் பிசினில் பல பொருள்கள் உண்டு. எங்களுக்கு முக்கியம் மூன்று. ஒன்று மயக்கம் தருவது. பூ பக்குவத்தில் இருக்கும்போது அது நிறைய இருக்கும். செடியிலேயே பூ முற்றிப்போனாலும், பறித்து வைத்தபின் காற்று, வெளிச்சம், சூடு பட்டாலும் அது மெல்ல மெல்ல இரண்டாவது பொருளாக மாறிவிடும். அந்த இரண்டாவதற்கு மயக்கும் வலு மிகக் குறைவு. மூன்றாவது, செடியின் வித்தைப் பொறுத்தது. வடக்கே மலைப்பக்கத்துச் செடிகளில் நிறைய இருக்கும். நம் பக்கம் மயக்கத்துக்காகவே பொறுக்கிப் பொறுக்கி விதைத்து வளர்த்த செடிகளில் கண்ணுக்கே தெரியாது. வயதானாலும் அது முதலாவதைப் போலச் சீக்கிரம் அழியாது.

இவற்றைப் பிரித்துப் பார்க்க எங்களிடம் இருந்தது வெள்ளைப் பொடி பூசிய ஒரு கண்ணாடித் தகடு. அடியில் சாறைப் பொட்டு வைத்து, தகட்டைத் திரவத்தில் நிறுத்தினால், திரவம் மேலேறும்போது பொருள்களும் ஏறித் தனித்தனி இடத்தில் நிற்கும். சாயத்தைத் தெளித்தால் நிறம் காட்டும். மயக்குவது சிவப்பு, மூத்துப்போனது ஊதா, வித்து எதுவென்று காட்டுவது ஆரஞ்சு. புது இயந்திரம் செய்வதும் இதே காரியம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் விருத்தாசலம் நீதிமன்றத்திலிருந்து இரண்டு பொட்டலங்கள் வந்தன. பெயரை மறைத்தால் என்ன, ஊர் எனக்குத் தெரிந்துவிட்டது. சாரிடம் சொன்னேன், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று. வேறு ஆள் விடுப்பில் இருந்தார். "ஊருக்குப் போனால் வாயைத் திறக்காதீர்கள் அம்மா, அது போதும்" என்றார்.

வாயைத் திறக்காவிட்டாலும் காது திறந்துதானே இருக்கிறது. அந்தச் சனிக்கிழமையே மாமியார் மூலம் முழுக்கதையும் வந்து சேர்ந்தது. கோயில் வீதியில் மருந்துக்கடை வைத்திருந்த வைத்தியர் அருணகிரியைப் பிடித்துப் போயிருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், அறுபது தாண்டியவர், மனைவியை முந்தின வருடம்தான் வயிற்றுக் கட்டிக்குப் பறிகொடுத்தவர். உரிமம் பெற்ற கடைகள் இருந்த காலத்தில் முறையாக வாங்கிய கஞ்சாவை மருந்துக்கென்று ஒரு பீங்கான் ஜாடியில் வைத்திருந்தார். தீரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் இருந்தது. விற்கக் கூடாது, புதிதாக வாங்கவும் கூடாது. ஒரு மழை நாளில் அவர் கடைக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையில் ஒரு கஞ்சா மூட்டை கிடைத்தது. அந்தக் கொட்டகையில் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் யார் யாரோ ஒதுங்குவார்கள். போலீஸோ, வைத்தியர் ஜாடியிலிருந்து எடுத்து மூட்டை கட்டி விற்கிறார் என்றது. அவர் அது தன்னுடையது இல்லை என்றார். ஜாமீன் கிடைக்கவில்லை. கிளைச் சிறையில் இருந்தார்.

"பாவம்டி அந்த மனுசன். கும்புட்ற சாமி மேல சத்தியம் பண்றாரு" என்றார் மாமியார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன்.

நீதிமன்றம் கேட்டிருந்தது ஒரே கேள்வி: ஜாடியில் இருந்ததும் மூட்டையில் இருந்ததும் ஒன்றா? ஒன்று என்றால் அவருக்குச் சிறை, வைத்தியம் செய்யும் உரிமையும் போய்விடும். திங்கட்கிழமை தகட்டில் ஏற்றினேன். ஜாடிச் சரக்கு அடர்ந்த ஊதா, சிவப்பு மங்கலாக ஒரு கீற்று. பல வருடச் சரக்கு, எதிர்பார்த்ததுதான். மூட்டைச் சரக்கும் அடர்ந்த ஊதா, மங்கிய சிவப்பு. அதன் அழுக்குச் சாறு தகட்டின் மேல்பகுதியில் இழுபட்டுக் கறையாக நின்றது. மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். புதிதாக வந்த சரக்காக இருந்தால் சிவப்புதான் தூக்கலாக இருக்க வேண்டும். கண்டதைக் கண்டபடி எழுதினேன்: இரண்டும் ஒத்த தன்மையுடையவை, இரண்டும் நெடுநாள் மூத்தவை.

சார் வழக்கம்போல அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மூட்டைச் சரக்கின் இலை ரோமங்களுக்கு நடுவில் மாவு தூவியதுபோல நுண்ணிய வெள்ளைத் தூள் இருந்தது. முன்பும் பார்த்திருந்தேன். ரோமத்தின் அடியில் இருக்கும் சுண்ணச் சத்து உதிர்ந்தது என்று நினைத்திருந்தேன். சார் ஒரு சொட்டு அமிலத்தை விட்டார். ரோமங்களின் அடியில் நுரை பொங்கியது. வெள்ளைத் தூள் அசையவே இல்லை.

எனக்கு அந்தத் தூளைத் தெரியும். என் வீட்டுக்காரர் சட்டையிலிருந்து வாரம் தவறாமல் நான் தட்டிவிடும் தூள் அது. பீங்கான் களிமண். அது எப்படி இந்த மூட்டைக்கு வந்தது என்பதும் அடுத்த நொடியே விளங்கிவிட்டது.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் டிரையர் என்று ஓர் அறை உண்டு. வார்த்த பாண்டங்களைச் சூளைக்குள் வைக்கும் முன் காயவைக்கும் இடம். பக்கத்துச் சூளையின் அனல் அங்கே வரும், உள்ளே போனால் மூச்சு முட்டும். மழைக்காலம் வந்தால் அந்த அறையின் மேல் தட்டுகள் முழுக்க ஊராருடையவை. வடகம், புளி, மிளகாய், காயாத பள்ளிச் சீருடை எல்லாம் அங்கேதான் காயும். காவலாளி கண்டுகொள்ள மாட்டார், அவர் வீட்டு மிளகாயும் அங்கேதான் இருக்கும். கைப்பற்றும்போது மூட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது என்று போலீஸின் மகஜர் சொன்னது. எங்களிடம் வந்ததோ நொறுங்கும் பதத்தில் வந்தது. ஸ்டேஷன் ஆட்கள் யாரோ அதை டிரையரில் காயவைத்திருக்கிறார்கள். அந்த அனலில் கிடந்தால் புதுச் சரக்குக்கும் சில நாளில் பல வருட மூப்பு வந்துவிடும். அந்த ஊதா, வயதின் ஊதா இல்லை.

இதையெல்லாம் சாரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"தூளை எழுதுங்கள் அம்மா. சூளையை எழுதாதீர்கள்."

"அது தெரியாமல் போனால் அந்த மனிதர் உள்ளே போய்விடுவார் சார்."

"தெரிந்தது உங்களுக்கு. தகட்டுக்கு அல்ல" என்றார். ஆனால் என் அறிக்கையை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் சொல்லாமலேயே நான் டிரையருக்குப் போய் எங்கள் வடகத் தட்டை எடுத்து வந்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. ஒரு கை வடகத்தைத் தாளில் மடித்துச் சென்னைக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்தேன். அதே தூள், அமிலத்துக்கு அசையாத தூள். சார் குனிந்து பார்த்துவிட்டு இது என்ன பொருள் என்று கேட்டார். என் மாமியார் போட்ட வடகம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இதை எழுத முடியாது. பார்த்தது நல்லது" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இந்த மனிதருக்கு ரத்தம்தான் ஓடுகிறதா என்று நினைத்தேன்.

அவர் போய் மியூசியம் அலமாரியைத் திறந்தார். பழைய வழக்குகளின் சரக்குகள் குப்பிகளில் இருக்கும் அலமாரி அது. மலைப்பக்கத்துச் சரக்கு ஒன்று, எனக்கு முந்தின தலைமுறை வைத்தது, அதை எடுத்து என்முன் வைத்தார். "சூடு சிவப்பை ஊதாவாக்கும். செடியின் வித்தை மாற்றுமா?" என்றார். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பையும் ஊதாவையும் பார்த்த நான், மேலே கறை மறைத்திருந்த ஆரஞ்சின் இடத்தைக் கவனிக்கவே இல்லை. மூட்டையின் அழுக்கை முதலில் களைந்துவிட்டு ஏற்றினால் அந்த இடம் தெளியும். ஆனால் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பங்கு போக மூட்டைச் சரக்கில் இன்னும் ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் மிச்சம் இருந்தது. தகடு உடைந்தால், சாயம் கெட்டால், பொட்டு பரவினால், முடிந்தது. முதலில் மலைச் சரக்கில் செய்து பார்த்தேன். அத்தனை வருடத்துக்குப் பிறகும் அதில் ஆரஞ்சு பளிச்சென்று நின்றது. இன்னும் கொஞ்சத்தை அடுப்பில் வைத்து வாட்டிவிட்டு ஏற்றினேன். சிவப்பு ஓடிவிட்டது, ஆரஞ்சு இருந்தது. ஜாடிச் சரக்கையும் வாட்டிப் பார்த்தேன். எவ்வளவு வாட்டினாலும் ஆரஞ்சு வரவில்லை.

பிறகு மிச்சமிருந்த மூட்டைச் சரக்கு. பொட்டு வைக்கும் கண்ணாடி ஊசியை எடுத்தேன். சார் பின்னால் வந்து நின்றார். நான் பொட்டு வைக்கத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரவம் ஏறி முடிந்ததும் சாயத்தைத் தெளித்தேன். ஊதா முதலில் எழுந்தது, சிவப்பு ஒரு நிழலாக எழுந்தது. அதற்கு மேலே, ஜாடிக்கான வரிசையில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில், மூட்டைக்கான வரிசையில் ஆரஞ்சு வந்து உட்கார்ந்தது.

"சார்" என்றேன். திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து மடித்த அறிக்கையை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக எழுதச் சொன்னார். தூளையும் எழுதினேன், ஆரஞ்சையும் எழுதினேன். சூளையை எழுதவில்லை.

சாட்சி சொல்ல நானே விருத்தாசலம் போனேன். எனக்கு முன்னால் ஏட்டு கோவிந்தசாமி கூண்டில் நின்றார். மூட்டையைக் கைப்பற்றியது தான்தான், ஸ்டேஷன் அறையில் பூட்டி வைத்திருந்தோம் என்றார். பெரிய மீசை, நிமிர்ந்த ஆள். பொய் சொல்கிற முகமாக இல்லை. அவர் விட்டுவிட்ட ஒன்றைப் பற்றி அவரை யாரும் கேட்கவும் இல்லை. வைத்தியர் இளைத்துப் போயிருந்தார். அரசு வக்கீல் ஜாடியைக் காட்டி, இதிலிருந்து என்றைக்காவது அளவு மீறி எடுத்ததுண்டா என்று கேட்டபோது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்தது.

"குன்றிமணி எடைதானுங்க, எப்பவுமே. எம் பொண்டாட்டி வலியில கெஞ்சினப்பகூட அதுக்கு மேல ஒசத்தலைங்க. வெசம் வெசந்தான். நம்ம ஊரு ஜாடியில வெச்ச சரக்கு வீரியம் கொறையாதுங்களே."

எங்கள் ஊரில் யாரும் இப்படித்தான் சொல்வார்கள். பீங்கான் ஜாடியில் போட்டது காலத்துக்கும் கெடாது என்பது ஊர் நம்பிக்கை. ஊறுகாய்க்கு அது சரிதான்.

நான் கூண்டேறினேன். இரண்டிலும் மூப்பு உண்டு, வித்து வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்திருக்க முடியாது என்றேன். அரசு வக்கீல் விடவில்லை. பழசாகி ஜாடியில் ஆரஞ்சு அழிந்திருக்கலாமே என்றார். மியூசியம் குப்பியைச் சொன்னேன். வெள்ளைத் தூள் ஊர் முழுக்கப் பறக்கிறது, அதை ஏன் எழுதினீர்கள் என்றார். ஜாடியில் அது இல்லை, அதனால் எழுதினேன் என்றேன். அப்போது மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். மூட்டை வேறு வித்து என்றால், அதுவும் இவ்வளவு பழசாக இருப்பது எப்படி என்று கேட்டார்.

"வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் ஆகும். கடும் சூட்டில் சில நாள் வைத்திருந்தாலும் ஆகும். எது என்று தகடு சொல்லாது" என்றேன். சார் இருந்திருந்தால் கண்ணாடியைத் துடைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மாஜிஸ்திரேட் ஏட்டைத் திரும்பக் கூப்பிட்டார். நனைந்த மூட்டை எப்படிக் காய்ந்தது என்று கேட்டார். ஏட்டின் கழுத்து வேர்த்ததை நான் பார்த்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வாயிலிருந்து வந்த சொல்தான் அவரை அங்கே நிறுத்தியது.

"மூட்டை தொப்பலா நனைஞ்சிருந்துதுங்கய்யா. பூஞ்சை புடிச்சா சாட்சி சரக்கு வீணாயிடும்னு டிரையர்ல காய வெச்சேன். நாந்தான் கூடவே காவலு இருந்தேன். எல்லாரும் அங்கதானுங்களே காய வெப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்ச் கிளார்க் மட்டும் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் வீட்டுப் புளியும் அந்த வருடம் அங்கேதான் காய்ந்தது என்று பிறகு தெரிந்தது. ஏட்டுக்கு வேலை போகவில்லை, தண்டனையாக வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

வைத்தியருக்கு விடுதலை கிடைத்தது. ஜாடிச் சரக்கை மட்டும் அழித்துவிட உத்தரவானது, இத்தனை காலம் அனுமதித்தது போதும் என்று. ஜாடியைத் திருப்பித் தருவார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வராந்தாவுக்கு வந்தபோது அவர் ஒரு தூணோரம் நின்றிருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத் தயாரானேன்.

"ஒண்ணு கேக்கணும்மா. ரெண்டுமே பழசாயிடுச்சுன்னு சொன்னீங்களே. ஜாடியில வெச்சதுமா?"

ஆமாம் என்றேன். திறக்கும்போதெல்லாம் காற்று போகும், ஜாடி நல்லதாக இருந்தாலும் நடக்கும் என்றேன்.

"அப்ப அந்தக் குன்றிமணியில வீரியம் எவ்வளவு இருந்திருக்கும்? போன வருசம்?"

கூண்டில் இல்லை நான். சத்தியம் செய்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த மங்கலான சிவப்பை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் கொஞ்சங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மேல்துண்டை எடுத்து உதறி, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"பத்தலை பத்தலைன்னு ராவெல்லாம் கேட்டா. மருந்துக்குப் பழகிப்போயி பொய் சொல்றாள்னு நெனைச்சேன்" என்றார். பிறகு படியிறங்கி, மழையிலேயே கோயில் வீதிப் பக்கம் நடந்து போனார்.